ஆற்றுக்குள் இறங்கிய வயல்

அத்தியாயம் 4

பகல் ஒன்றே முக்கால். சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, பாத்திரக்கடை மாடியில் இருந்த பிரிட்டோ துப்பறியும் நிலையத்தில் நாலு பேர் ஒரே காகிதத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். காகிதத்தில் காவிரி நீலமாக ஓடியது. நீலத்தின் நடுவே, மீன் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு சிவப்புக் கட்டம்.

"அதான் சார் என் வயலு," என்றாள் வேலம்மாள்.

"பரிசல்ல போய்த்தான் களை எடுக்கணும் போலிருக்கு," என்றாள் பஸீலா.

பிரிட்டோ அவளை ஒரு பார்வை பார்த்தார். எரியாத கடைக்குத் தீ விபத்துப் பணம் கேட்டவர்களை முப்பது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக மோப்பம் பிடித்துவிட்டு, சொந்தமாகத் துப்பறிய வந்தவர் அவர். பஸீலா அவருடைய உதவியாளர். பெரிய கடைவீதித் துணிக்கடைக்காரர் மகள். அத்தாவின் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வளர்ந்ததால், உள்ளே வருகிறவர் எடுக்க வந்தவரா, விரித்துப் பார்த்துவிட்டுப் போக வந்தவரா என்று செருப்பைக் கழற்றும் விதத்திலேயே சொல்லிவிடுவாள். கணினியும் வரைபடமும் பிற்பாடு படித்துக்கொண்டது.

"விவரமா சொல்லுங்கம்மா," என்றார் பிரிட்டோ.

வேலம்மாளுக்கு ஊர் தொட்டியத்துக்கு அந்தப் பக்கம், ஆற்றுமேடு. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு பதினோரு வருஷமாகத் தனியாளாக வாழை வைக்கிறாள். ஆயிரத்து இருநூறு மரம், எல்லாம் தார் தள்ளி நிற்கிறது. கரையோர வயல்களையெல்லாம் கணினி வரைபடத்தில் ஏற்றும் வேலையை ஒரு தனியார் கம்பெனி எடுத்தது. வரைபடம் வந்தபோது அவள் வயல் ஆற்றுக்குள் இருந்தது. கட்டங்களுக்கு வெளியே நிற்கும் பயிர் புறம்போக்குப் பயிர். திங்கட்கிழமை பொக்லைன் வந்து எடுத்துவிடும் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆட்சேபணை இருந்தால் இணையத்தில் பதிய வேண்டும். கடைசி நேரம் இன்று மாலை ஐந்து மணி.

"பட்டா இருக்குல்ல?"

"இருக்குங்க. 'உன் பட்டா நிலத்தை ஆறு தின்னுருச்சும்மா, இப்ப நீ பயிர் வச்சிருக்கறது வேற நிலம்'ங்கறாங்க. நேத்துக் காலையில கூட அந்த வயலுக்குத் தண்ணி பாய்ச்சிட்டுத்தான் வந்தேன். ஆறு தின்ன வயலுக்கு நான் ஏங்க தண்ணி பாய்ச்சப் போறேன்?"

"கம்பெனி என்ன சொல்லுது?"

பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது. அதில் இருந்தவன் வீரமலை. வேலம்மாளின் கொழுந்தன், பக்கத்து வயல்காரன், ஊர் வாழை விவசாயிகள் சங்கச் செயலாளர். சட்டைப் பையில் மூன்று பேனா. "ஆத்துக் கரையைக் கம்பெனி வரையலைங்க. இன்டர்நெட்டுல பொது வரைபடம்னு ஒண்ணு இருக்காம். யார் வேணும்னாலும் அதுல ரோடு, ஆறுன்னு சேர்க்கலாமாம். எவனோ ஒருத்தன் ஆத்தை அகலமா இழுத்து விட்டுட்டான். அவனைப் பிடிச்சு, தப்பா வரைஞ்சேன்னு ஒரு கையெழுத்து வாங்கிட்டாப் போதும். லெட்டர் கூட டைப் அடிச்சுக் கொண்டாந்திருக்கேன்."

ஆள் கிடைப்பதற்கு முன்பே வாக்குமூலம் தயார். பஸீலாவுக்கு அது பிடிக்கவில்லை. அளவு எடுக்காமலே சட்டை தைத்துக்கொண்டு வருகிறவனைப் பார்த்த மாதிரி இருந்தது.

அவள் மடிக்கணினியைத் திருப்பினாள். "வரைபடம்ங்கறது கண்ணாடித் தாளை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கற மாதிரிம்மா. வானத்துலேர்ந்து எடுத்த போட்டோ ஒரு அடுக்கு. ஆறு ஒரு அடுக்கு. வயல் கட்டம் ஒரு அடுக்கு. ஆறு மட்டும் கிடைச்சிருக்கு. அதுக்கு அடியில போட்டோவைப் போட்டுப் பார்த்தேன். போட்டோ ஆடி வெள்ளத்துல எடுத்தது. கரை, வாய்க்கால் எல்லாம் ஒரே காப்பித் தண்ணியா இருக்கு. கோடு சரியா தப்பான்னு ஒண்ணும் புரியலை."

"வரைஞ்சவன் பேரு?" என்றார் பிரிட்டோ.

"புனைபேர்தான். 'நடராஜா சர்வீஸ் 620006'. நடந்தே ஊர் சுத்தறவன். அந்த பின்கோடு ஸ்ரீரங்கம்."

"ஸ்ரீரங்கத்துல அத்தனை வீதி, அத்தனை சனம். எப்படிங்க தேடுவீங்க?" என்றான் வீரமலை. அவன் குரலில் கவலை இருந்தது. கவலைக்கு அடியில் கொஞ்சம் நிம்மதியும் இருந்ததாக பஸீலாவுக்குப் பட்டது.

"இந்த ஆள் அந்த வரைபடத்துல இதுவரைக்கும் ரெண்டாயிரத்துச் சொச்சம் விஷயம் சேர்த்திருக்கான்," என்றாள். "முதன்முதல்ல சேர்த்தது என்ன தெரியுமா சார்? கோபுரம் இல்ல. மேலச் சித்திரை வீதி டிரான்ஸ்ஃபார்மர்."

பிரிட்டோ நிமிர்ந்தார். "ஸ்ரீரங்கத்துல உட்கார்ந்துக்கிட்டு ரங்கநாதருக்கு முன்னாடி டிரான்ஸ்ஃபார்மர் ஞாபகம் வருதா? அடுத்து?"

"சந்துக்குச் சந்து குறிப்பு. 'நாய் உண்டு.' 'நாய் உண்டு, கட்டியிருக்கும்.' 'நாய் உண்டு, கட்டியிருக்கும் என்று நம்ப வேண்டாம்.'"

"தபால்காரர்."

"தபால்காரருக்கு டிரான்ஸ்ஃபார்மர் எதுக்கு சார்?"

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: "மீட்டர் ரீடிங்!"

"அதுவும் ரிட்டையர் ஆனவரு," என்றாள் பஸீலா. "வேலை நாள்ல பகல் பதினோரு மணிக்கு உட்கார்ந்து இதெல்லாம் சேர்க்கறாரு. கடைசியா ஒண்ணு. அடையவளஞ்சான் வீதியில ஒரு டீக்கடை. 'பெஞ்சு உண்டு, மூன்று மணிக்கு வடை.' அதை மட்டும் நாலு தடவை திருத்தியிருக்காரு. வடை நேரம் மாறினா உடனே மாத்தறாரு."

பிரிட்டோ ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "மூணு மணி வடைக்கு நாமளும் போவோம்."

வேலம்மாளும் வீரமலையும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினார்கள். பிரிட்டோ ஓட்ட, பஸீலா மடிக்கணினியைப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். காவிரிப் பாலத்தில் வண்டிகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன.

"சார், அந்த வீரமலை எதுக்கு வந்திருக்கான்?"

"அண்ணிக்குத் துணைக்கு."

"நாம ஆளைக் கண்டுபிடிக்க வழி இருக்குன்னதும் முகம் வாடிப்போச்சு. துணைக்கு வந்தவன் முகம் அப்படியா போகும்?"

"உனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்."

"உங்களைப் பார்த்து இல்ல சார். சம்பளத் தேதி அன்னிக்கு மட்டும்."

மூன்று பத்துக்கு டீக்கடை பெஞ்சில் வெள்ளை வேட்டியும், தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்த செருப்புமாக ஒருவர் உட்கார்ந்து வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் கயிறு கட்டிய செல்போன். பஸீலா நேராகப் போய் எதிரே நின்றாள்.

"ஐயா, மேலச் சித்திரை வீதி டிரான்ஸ்ஃபார்மர் சௌக்கியமா?"

வடை பாதி வழியில் நின்றது. "யாரும்மா நீ?"

பெயர் மருதை. முப்பத்து நாலு வருஷம் மீட்டர் ரீடிங் எடுத்தவர். பின்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த வீரமலை விஷயத்தைக் கேட்டதும் பாய்ந்தான். "நீதானா அது? இவங்க வாழ்க்கையையே தண்ணியில இறக்கிட்டியேய்யா! போடு கையெழுத்து!"

டைப் அடித்த காகிதத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான். மருதை அதை நிதானமாகப் படித்தார். மடித்தார். வடையைத் துடைத்த தாளோடு அதையும் சேர்த்து வைத்தார்.

"என் பொண்ணைத் தொட்டியத்துலதான் கட்டிக் குடுத்திருக்கு. மூணு ஞாயித்துக்கிழமை போனைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கரையோரமா நடந்தேன். நடந்த வழிதான் அந்தக் கோடு. ஒரு யூனிட் தப்பா எழுதினாக்கூட நடுரோட்டுல நிக்க வச்சுக் கேப்பாங்க எங்களை. ஆத்தையா நான் தப்பா எழுதுவேன்?"

"இந்தப் போட்டோவுல கரையே தெரியலையே ஐயா," என்று பஸீலா கணினியைக் காட்டினாள்.

மருதை சிரித்தார். "வெள்ளத்துல எடுத்த படத்தை வச்சுக்கிட்டுக் கரையைத் தேடினா? பங்குனி மாசம் எடுத்த படம் வேற இடத்துல இருக்கும்மா. சும்மாவே தர்றாங்க. எழுதிக்க." இணைய முகவரியை மனப்பாடமாக ஒப்பித்தார். "அப்படியே அந்தக் கம்பெனிக்காரன் வயல் கட்டத்தையும் பொதுவுல போட்டு வச்சிருக்கான். ஏதோ வாயில நுழையாத பேர்ல கிடக்கும். அந்த முகவரியும் தர்றேன்."

பஸீலா முகவரிகளைத் தட்டினாள். முதலில் பங்குனிப் படம் விரிந்தது. வெள்ளை மணல், ஒல்லியாக ஆறு, பச்சையாகத் தோப்பு. அதன் மேல் மருதையின் கோட்டைப் போட்டாள். கரையின் ஒவ்வொரு வளைவிலும் கோடு ஒட்டிக்கொண்டு போனது, தையல்காரன் ஓரம் அடித்த மாதிரி.

அதன் மேல் வயல் கட்டங்களைப் போட்டாள். ஆற்றுமேட்டில் ஏழு கட்டம். ஆறு கட்டம் பச்சையின் மேல் உட்கார்ந்தன. ஏழாவது, வேலம்மாளுடையது, வெள்ளை மணலில் கிடந்தது.

"கோடு என்னுது," என்றார் மருதை. "கட்டம் என்னுது இல்ல."

பிரிட்டோ மெதுவாகச் சொன்னார்: "ஆறு நகரலை. வயல்தான் நகர்ந்திருக்கு. நீங்க அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தா ஆறு கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும், ஐயா. அம்மாவோட கட்டம் அதே மணல்லதான் கிடந்திருக்கும்."

"கட்டத்தை எப்படி வச்சாங்க?" என்று பஸீலா கேட்டாள்.

"அவங்கவங்க போன்லேர்ந்து வயலோட லொகேஷனை சங்க வாட்ஸாப் குரூப்புல அனுப்பச் சொன்னாங்க," என்றாள் வேலம்மாள். "பட்டாவுல இருக்கற அளவுக்குக் கட்டம் போட்டு, அனுப்பின இடத்துல வைப்பாங்களாம்."

"நீங்க எங்கேர்ந்து அனுப்பினீங்க?"

வேலம்மாள் படத்தைப் பார்த்தாள். வெள்ளை மணலில் கிடந்த தன் கட்டத்தைப் பார்த்தாள். கை தானாக வாய்க்குப் போனது.

"மணல்லேர்ந்து," என்றாள். "தோப்புக்குள்ள டவர் எடுக்காதுங்க. போன் பேசணும்னா ஆத்து மணலுக்குத்தான் இறங்கணும். நான் தான்... நானே தான் அனுப்பினேன்."

டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"பாத்தீங்களா அண்ணி!" வீரமலையின் குரல் திடீரென்று பாசத்தில் நனைந்திருந்தது. "தப்பு உங்க பக்கம்தான். இதுக்குப் போய் ஊரான் மேல பழி போடலாமா? வாங்க, போவோம். விதி."

ஒரு மணி நேரத்துக்கு முன் கையெழுத்துக்குக் குதித்தவன், இப்போது விதி என்கிறான். பேரம் படியும் முன்னே கடையை விட்டு இழுத்துக்கொண்டு போகிற துணையாளை பஸீலா நிறையப் பார்த்திருக்கிறாள். அப்படிப்பட்டவர்களுக்கு எதிர்க் கடையில் கமிஷன் இருக்கும்.

"ஒரு நிமிஷம்," என்றாள். "அம்மா, உங்க ஊர்ல மத்தவங்க எங்கே நின்னு போன் பேசுவாங்க?"

"எல்லாரும் மணல்லதாம்மா."

"உங்க போனைக் குடுங்க."

சங்கக் குரூப்பில் மேலே மேலே தள்ளினாள். ஏழு லொகேஷனும் இருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டாள். மணல். மணல். மணல். வீரமலையுடையதும் மணல்தான்.

"ஏழு பேரும் ஆத்துல நின்னுதான் அனுப்பியிருக்கீங்க," என்றாள். "தவறுன்னா ஏழு கட்டமும் தண்ணியில இருக்கணும். ஆறு கட்டம் மட்டும் நீந்திக் கரை ஏறிடுச்சே, எப்படி?"

கட்டங்களுக்குப் பின்னால் ஒரு பட்டியல் இருந்தது. யாருடைய வயல், எந்த இடம், யார் திருத்தியது, எப்போது. திறந்தாள். ஆறு வரிசையில் 'திருத்தப்பட்டது' என்று இருந்தது. ஆறும் ஒரே நாள், அரை மணி நேரத்துக்குள். திருத்தியவர்: சங்கச் செயலாளர். ஏழாவது வரிசையில் எதுவும் இல்லை.

"செயலாளர்னா சங்கத்துல எத்தனை பேருங்க?" என்று வெள்ளந்தியாகக் கேட்டார் பிரிட்டோ.

வீரமலை பேனாக்களைச் சரிசெய்தான். "அது... ஒருத்தர் வயலை மறந்திருப்பேன். வேலைப் பளு."

"மறந்தது அண்ணி வயல். ஞாபகமா வச்சது உங்களுது," என்றாள் பஸீலா. அவள் விரல் திரையில் பச்சைத் தோப்பின் மேல் இருந்த ஒரு கட்டத்தைத் தொட்டது. "அம்மா, இது யார் வயல்னு பாத்துச் சொல்லுங்க. பேரைப் பாக்காதீங்க. படத்தைப் பாருங்க."

வேலம்மாள் முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். "இந்தா பாதை வளையுது. இந்தா மோட்டார்க் கொட்டாய். போன வருஷக் காத்துல மரம் விழுந்த சந்து... இது என் வயலுங்க."

"பட்டியல்ல பேரு வீரமலைன்னு இருக்கு."

வேலம்மாள் கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை, எடை பார்க்கிற பார்வை.

"குடும்ப விஷயம் அண்ணி," என்றான் வீரமலை, குரலைத் தணித்து. "என் வயலு பூரா மணலு, உங்களுது மேட்டு மண்ணு. தனியாளா எத்தனை நாளைக்குப் பாடுபடுவீங்க? இன்னும் ரெண்டு போகம் நீங்களே வச்சுக்குங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அவங்க வயலை அவங்களுக்கே ரெண்டு போகம் குத்தகைக்கு விடறாரு சார்," என்றாள் பஸீலா. "தாராள மனசு."

மணி நாலு இருபத்தைந்து. பஸீலா ஆட்சேபணைப் படிவத்தைத் திறந்தாள். வேலம்மாளே விரலால் தன் கட்டத்தை மணலிலிருந்து இழுத்து, மோட்டார்க் கொட்டாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். மருதை சாட்சியாகப் பெயரைச் சேர்த்தார். காரணம் என்ற இடத்தில் நடந்ததை பஸீலா எழுதினாள். அனுப்பப் போனால், படிவம் நின்றது. பக்கத்து வயல்காரரின் சம்மதம் வேண்டும். அவர் போனுக்கு ஓ.டி.பி. வரும்.

"உங்க பக்கத்துல யாரும்மா?"

"ரெண்டு வாய்க்காலுக்கு நடுவுல ரெண்டே வயலு. நானும் தம்பியும்."

வீரமலையின் சட்டைப் பையில் போன் டிங் என்றது. அவன் அதை எடுத்துப் பார்த்தான். திரும்ப உள்ளே போட்டுக்கொண்டு பெஞ்சில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தான். "எனக்கு ஒண்ணும் வரலையே."

நாலு நாற்பது. பிரிட்டோ மிரட்டிப் பார்த்தார். மருதை சாபம் விட்டுப் பார்த்தார். வீரமலை இரண்டாவது டீ சொன்னான். அவன் செய்ய வேண்டியதெல்லாம் இன்னும் இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பது மட்டும்தான்.

பஸீலா அவனைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அத்தா, விலை படியாத நேரத்தில் எதிராளியின் முகத்தை விட்டுவிட்டு அவன் கொண்டுவந்த மூட்டையைப் பார்ப்பார். பஸீலா வீரமலையின் மூட்டையைத் தேடினாள். ஏழு கட்டம். ஆறு பச்சையில், ஒன்று மணலில். அப்படியென்றால் தோப்பில் ஒரு இடம் காலி.

"செயலாளரே," என்றாள். "உங்க கட்டத்தைத் தூக்கி அண்ணி வயல்ல வச்சீங்க. சரி. உங்க பழைய வயல்ல யார் கட்டம் இருக்கு?"

"அது என் வயலும்மா. பட்டா இருக்கு."

"பட்டா அளவுக்கு ஒரு கட்டம்தான். அதை நீங்களே இங்க வச்சுட்டீங்க. அங்க பாருங்க, வெறும் இடம். கட்டத்துக்கு வெளியே நிக்கற பயிரெல்லாம் புறம்போக்கு. நோட்டீஸ் ரெண்டாம் பக்கம் படிச்சீங்களா?"

வீரமலை படித்திருக்கவில்லை என்பது அவன் காலை இறக்கிய வேகத்தில் தெரிந்தது. வேலம்மாள் பையிலிருந்து எடுத்து நீட்டிய நோட்டீஸைப் பிடுங்கினான். படித்தான். உதடு அசைந்தது.

"எண்ணூறு மரம்," என்றான் யாரிடமோ.

"அண்ணி வயல் உங்களுக்கு வருதோ இல்லையோ, திங்கட்கிழமை பொக்லைன் உங்க தோப்புக்கும் வருது," என்றார் பிரிட்டோ. "ஆட்சேபணை போடணும்னா நீங்களும் போடலாம். அஞ்சு மணி வரைக்கும். பக்கத்து வயல்காரர் சம்மதத்தோட."

நாலு நாற்பத்தேழு. வீரமலை அவசரமாகத் தன் போனில் படிவத்தைத் திறந்து கட்டத்தை இழுத்தான். வேலம்மாளின் இன்னொரு போன், பட்டன் தேய்ந்த பழையது, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து டிங் என்றது. பட்டாவில் கொடுத்த எண் அதுதான். அவள் அதை எடுத்தாள், பார்த்தாள், மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"அண்ணி..."

"முதல்ல உங்களுது சொல்லுங்க தம்பி."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொல்லிப்போம்."

"என் வயசுக்கு எனக்கென்ன அவசரம். நான் நிதானமாத்தான் இருக்கேன். நீங்க யோசிங்க."

நாலு ஐம்பத்தொன்றுக்கு வீரமலை ஆறு எண்ணையும் சொன்னான். பஸீலா தட்டினாள். வேலம்மாளின் ஆட்சேபணை பதிவாகிவிட்டது என்று திரை சொன்னது. மருதை சத்தமாக மூச்சு விட்டார்.

"இப்ப உங்களுது அண்ணி, சீக்கிரம்."

"அந்தப் படிவத்துல காரணம்னு ஒரு இடம் இருக்குல்ல தம்பி. என்ன எழுதியிருக்கீங்க?"

வீரமலை படித்தான். "'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக'..."

"அழிங்க."

"அண்ணி, மணி ஆகுது!"

"அழிங்க தம்பி. நடந்ததை எழுதுங்க."

நாலு ஐம்பத்தைந்து. டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றார். வீரமலை எழுதினான். எழுதி முடித்ததும் பஸீலா எட்டிப் பார்த்து வாய்விட்டுப் படித்தாள். "'என் அண்ணி வேலம்மாள் வயலில் என் கட்டத்தை நான்தான் தெரிந்தே வைத்தேன். அவர் கட்டத்தை வேண்டுமென்றே திருத்தாமல் விட்டேன்.'" பிறகு, "எழுத்துப் பிழைகூட இல்லைம்மா," என்றாள்.

வேலம்மாள் மடியிலிருந்த போனைத் திருப்பினாள். லாரிக்காரனுக்குத் தார் எண்ணிக் கொடுக்கிற மாதிரி, ஒவ்வொரு எண்ணாக, அவசரமில்லாமல் சொன்னாள். ஆறாவது எண்ணை வீரமலை தட்டும்போது மணி நாலு ஐம்பத்தெட்டு.

பதிவாகிவிட்டது. அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தான்.

வேலம்மாள் பையை எடுத்து இடுக்கிக்கொண்டாள். எழுந்தவள், ஏதோ நினைத்துக்கொண்டு பஸீலாவிடம் திரும்பினாள்.

"ஏம்மா, அந்தக் காரணம்னு எழுதினது... அது ஆபீஸ்காரங்களுக்கு மட்டும்தான் தெரியுமா?"

மருதை முந்திக்கொண்டார். "பொதுவுல போடற தகவல்மா அது. நாளைக் காலையில யார் வேணும்னாலும் இறக்கிப் படிக்கலாம்."

"எங்க ஊர்க்காரங்களும்?"

"தொட்டியம் பூராவும்."

வேலம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

"அப்ப நல்லதாப் போச்சு," என்றாள். "நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்ல."